‘கென்’ மாகாணம் அன்று

“ஷினானோ மாகாணத்தில் அமைந்துள்ள நாகானோ மாகாணம்” என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன். எழுதியவருக்கும் உறுத்தவில்லை, மெய்ப்புத் திருத்தியவருக்கும் உறுத்தவில்லை. நிலநடுக்கச் செய்தியானாலும் பனிச்சறுக்குச் செய்தியானாலும், ஜப்பான் என்று வந்துவிட்டால் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘மாகாணம்’ என்று ஒட்டிவிடுவது நம் பத்திரிகைகளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. போகிற போக்கில் ஹொன்ஷூ என்ற தீவைக்கூட மாகாணமாக்கிவிடுகிறார்கள்.

இதன் பின்னால் இருப்பது ‘பிரிஃபெக்சர்’ என்ற ஆங்கிலச் சொல். இலத்தீனில் ‘பிரைஃபெக்டஸ்’ என்றால் பிறர்மேல் அதிகாரியாக அமர்த்தப்பட்டவன். அவனுடைய பதவியும் ஆளுகைப் பகுதியும் ‘பிரைஃபெக்டூரா’. 1800இல் நெப்போலியன் பிரான்சின் ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவண் அரசின் ஆளாக இப்படி ஓர் அதிகாரியை அனுப்பினார். பிரான்சில் இன்றும் அந்தச் சொல் அதிகாரியின் அலுவலகத்தையும் அது இருக்கும் ஊரையும் குறிக்கிறது. நிலப்பகுதிக்கு அங்கே வேறு பெயர் உண்டு. ஆங்கிலம் அதை எடுத்து, ஜப்பானியர் தம் நாட்டின் நிர்வாகப் பிரிவைக் குறிக்கும் ‘கென்’ என்ற சொல்லுக்குப் போர்த்திவிட்டது. ஆகவே நாம் தமிழாக்க வேண்டியது போர்வையை அன்று, உள்ளே இருக்கும் கென்னை.

கென் சீனத்திலிருந்து வந்த எழுத்து. சீனாவில் இன்றும் அதே எழுத்துக்குரிய ‘சியென்’, மாகாணத்துக்குக் கீழே இருக்கும் சிறிய நிர்வாகப் பிரிவு. பழைய சீன அரசியல் பேச்சில் அதன் பொருள் இன்னும் கூர்மையானது: பரம்பரைத் தலைவனுக்கு விட்டுக்கொடுத்த நிலமாக இல்லாமல், பேரரசு தன் அதிகாரியை அனுப்பி நேரடியாக ஆளும் நிலம். 1871இல் ஜப்பானின் மெய்ஜி அரசு ‘ஹான்’களை ஒழித்துக் ‘கென்’களை நிறுவியபோது மனத்தில் வைத்திருந்தது இந்தப் பொருளைத்தான். தைமியோக்கள் என்ற பரம்பரைப் பிரபுக்கள் ஆண்ட ஹான்கள் போயின. டோக்கியோவிலிருந்து ஆள் வந்தார். பாளையங்கள் போய்க் கலெக்டர் ஜில்லா வந்த கதையை அறிந்த தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. முதலில் 302 கென்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இணைத்து இணைத்து 72 ஆக்கினார்கள். இன்று 43. டோக்கியோவுக்குத் ‘தோ’, ஹொக்கைடோவுக்கு ‘டோ’, ஒசாகாவுக்கும் கியோட்டோவுக்கும் ‘ஃபு’ என்று வேறு பெயர்கள் உண்டு. எல்லாம் சேர்த்து 47.

அப்படியானால் ஷினானோ என்ன? அது ‘குனி’. கென்களைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. குனி என்றால் நாடு. ஜப்பான் முழுவதும் ஒரு குனி. ஷினானோவும் ஒரு குனி. ஆங்கிலத்துக்கு இது தலைவலி, நமக்கு இல்லை. நம் சோழநாடும் கொங்குநாடும் செட்டிநாடும் இதே இரட்டைப் பொருளில்தான் வழங்குகின்றன. ஜப்பானியர் ஒருவரை ‘உங்கள் குனி எது’ என்று கேட்டால், சொந்த ஊர்ப்பக்கம் எது என்று கேட்பதாகவும் பொருள். ‘ஷினானோ நாடு’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கையில் இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கில அகராதியில் ‘பிராவின்ஸ்’ தேடி, அங்கிருந்து மாகாணத்துக்குத் திரும்பி வருகிறவர்களை என்ன சொல்வது!

குழப்பத்தின் விலை தெரிய வேண்டுமானால் நாகானோவையே பார்க்கலாம். ஹொன்ஷூத் தீவின் நடுவில், கடலே இல்லாத மலைநிலம். மக்கள் வாழ்வது மலைகளுக்கு இடையே கிடக்கும் சமவெளிகளில். அவற்றுள் பெரியவை நான்கு: ஸென்கோஜி, மட்சுமோட்டோ, சாகு, இனா. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக் கணவாய் ஏற வேண்டும். பேச்சும் உணவும் வணிகத் தொடர்புகளும் அதற்கேற்பப் பிரிந்தே வளர்ந்தன. ஹான் காலத்திலும் இது ஒருவர் ஆண்ட நிலம் அன்று. மட்சுஷிரோ, உவேதா, மட்சுமோட்டோ, தகாத்தோ, இய்தா என்று துண்டு துண்டாகக் கிடந்தது. 1871க்குப் பின் வடக்கும் கிழக்கும் நாகானோ கென் ஆயின. நடுவும் தெற்கும் மட்சுமோட்டோவைத் தலைநகராகக் கொண்ட சிக்குமா கென் ஆயின. 1876இல் சிக்குமா கென்னின் அலுவலகம் தீக்கிரையானது. அதே ஆண்டில் அந்தக் கென்னையே கலைத்து, ஷினானோப் பகுதியை நாகானோவோடு சேர்த்துவிட்டார்கள். கோட்டை நகரமான மட்சுமோட்டோவுக்கு, ஸென்கோஜி ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த நாகானோ என்ற கோயில் நகரம் தலைநகரானதில் ஏற்பட்ட மனக்குறை எளிதில் ஆறவில்லை.

1948இல் கென்னை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறும் நிலைக்கு வந்தது. அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்த மக்கள் ‘ஷினானோ நாடு’ என்ற பாடலைப் பாடத் தொடங்கினர், பிரிவினை கைவிடப்பட்டது என்பது அங்கே பலரும் சொல்லும் வரலாறு. 1899இல் எழுதப்பட்டுப் பள்ளிகள் வழியாகப் பரவிய அந்தப் பாடல் 1968இல் அதிகாரபூர்வமான கென் பாடலாயிற்று. பிரியத் துடித்த கென்னைப் பிடித்து நிறுத்தியது குனி. இந்தக் கதையை இரண்டுக்கும் ‘மாகாணம்’ போட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள், ஒன்றும் விளங்காது.

பாடலின் முதல் அடியே ஷினானோவைப் பத்து நாடுகள் எல்லையாகச் சூழ்கின்றன என்கிறது. இன்றைய நாகானோ கென்னின் எல்லையில் இருப்பவை எட்டுக் கென்கள். இரண்டும் சரி. ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர் கையில் சிக்கினால் ஒரு பக்கத்தில் பத்து மாகாணங்கள், அடுத்த பக்கத்தில் எட்டு மாகாணங்கள். தவறு எங்கே என்று வாசகர்தான் தேட வேண்டும்.

பெயர்களிலும் இந்த இழுபறி தெரிகிறது. நாகானோ என்பது போட்டி நகரங்களில் ஒன்றின் பெயர் அல்லவா? அதனால் எல்லோருக்கும் பொதுவாக எதையாவது சொல்ல வேண்டும் என்றால் ஷினானோவின் மற்றொரு பெயரான ‘ஷின்ஷூ’ முன்னே வருகிறது. ஷின்ஷூ சோபா என்ற நூடுல்ஸ், ஷின்ஷூ மிசோ என்ற சோயா விழுது. ஷின்ஷூ பல்கலைக்கழகத்தின் தலைமையகமோ மட்சுமோட்டோவில். ஜப்பானின் மிக நீளமான ஆறு, 367 கிலோமீட்டர், இங்கே சிக்குமா என்ற பெயரில் ஓடுகிறது. எல்லை தாண்டி நீகாத்தாவுக்குள் போன பிறகுதான் ஷினானோ ஆறு எனப்படுகிறது. ஷினானோவில் ஷினானோ ஆறு இல்லை!

இனி மாகாணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல் சென்னை மாகாணத்தை நினைவூட்டும். பெரும் பரப்பு, உள்ளே பல மாவட்டங்கள். ககாவா கென் 1,900 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. தொத்தோரி கென்னின் மக்கள்தொகை ஆறு இலட்சத்துக்கும் குறைவு. இதை மாகாணம் என்றால் படிப்பவர் மனத்தில் எழும் உருவம் என்ன?

இலங்கைத் தமிழர் இந்த இடத்தில் மறுப்பார்கள். அந்த மறுப்பு வலுவானது. அங்கே மாகாணம் பழங்கதை அன்று, அன்றாடச் சொல். ஒற்றையாட்சி நாடு, ஒன்பது மாகாணங்கள், சட்டப்படி தேர்தல் வழியே அமைய வேண்டிய மாகாண சபைகள். ஜப்பானும் ஒற்றையாட்சி, அங்கும் தேர்தல் உண்டு, பிறகென்ன தடை என்று கேட்கலாம். என் பதில் இது: இலங்கையிலும் மாகாணத்துக்குள் மாவட்டங்கள் இருக்கின்றன. கென்னுக்கு அடுத்த படியில் நேராக நகரமும் பேரூரும் சிற்றூரும்தான். இடையில் இருந்த ‘குன்’ என்ற பிரிவு 1920களிலேயே அதிகாரம் இழந்து, இன்று முகவரியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வட்டம் எனலாம். மேலும், அண்டை நாடான சீனாவின் பெரும் பிரிவுகளுக்கு மாகாணம் என்ற சொல்லைக் கொடுத்தாயிற்று. குவாங்தோங்கும் ககாவாவும் ஒரே தட்டில் நிற்க முடியாது.

‘மாநிலம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். இந்தியக் கூட்டாட்சியில் தனக்கென அதிகாரப் பட்டியல் உள்ள அரசைக் குறிக்க நாம் வைத்துக்கொண்ட சொல் அது. பழைய இலக்கியத்தில் அதற்குப் பேருலகம் என்றே பொருள். தேசியச் சட்டத்துக்கு உட்பட்டு உள்ளூர் விதிகள் இயற்றும் கென்னுக்கு அந்தச் சட்டை தொளதொளக்கிறது.

மிஞ்சுவது மாவட்டம், அதுவே பொருத்தம். நடுவண் அரசு வகுத்த எல்லை, அனுப்பப்பட்ட அதிகாரி என்ற பிறப்பு வரலாறு இரண்டுக்கும் ஒன்று. தேவைப்பட்டால் எல்லை நகரும்: 2005இல் யமாகுச்சி என்ற சிற்றூர் நாகானோவை விட்டு அண்டையிலுள்ள கிஃபு கென்னின் நகரம் ஒன்றோடு இணைந்துவிட்டது. பழைய குனிக்கு இன்று இப்படி நேர்வதில்லை. ஒரே ஒரு சங்கடம், கல்வியில் தனக்குள்ள ஆர்வத்தால் நாகானோ ‘கல்விக் கென்’ என்று பெருமை பேசும். அதைக் ‘கல்வி மாவட்டம்’ என்றால் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மாறுதல் ஆணையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அங்கே ‘கல்வியில் சிறந்த மாவட்டம்’ என்று விரித்து எழுதலாம். டோக்கியோவை மாவட்டம் என்னத் தயங்குகிறவர்கள் பெருநகரம் என்று போடட்டும்.

கென்னின் தலைவரான ‘சிஜி’யை ஆளுநர் என்பதையும் விட வேண்டும். மெய்ஜிக் காலத்தில் அவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. 1947 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘ஆளுநர் தேர்தலில் தோல்வி’ என்று தலைப்பிட்டால், ஆளுநர் மாளிகைக்கு எப்போது தேர்தல் வந்தது என்று வாசகர் கேட்கமாட்டாரா? மாவட்டத் தலைவர் என்று எழுதுங்கள்.