வைரஸை அச்சாக்கி ஓர் உலோக நுரை

"தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க வைரஸைப் பயன்படுத்துகிறார்களாமே, அது பரவிவிடாதா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பரவாது. எம்13 என்னும் இந்த வைரஸ் ஈ. கோலை பாக்டீரியாக்களில் சில வகைகளை மட்டுமே தொற்றும். அவற்றைக்கூடக் கொல்வதில்லை. வைரஸ் என்றதும் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் நம்மை விட்டுப் போகட்டும்.

மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் பிரியும் என்பது பள்ளிப் பாடம். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் கூடுதலாகவே கேட்கும். முரண்டு பிடிப்பது ஆக்சிஜன் பக்கம்தான்: ஒரு மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும். அதை எளிதாக்கத்தான் நிக்கல், இரிடியம் போன்ற வினையூக்கிகள். வினை நடப்பதோ மேற்பரப்பில் மட்டும். ஒரு கன சென்டிமீட்டர் கட்டியின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர். ஆனால், துகள்கள் ஒட்டிக்கொண்டு மறுபடியும் கட்டியாகிவிடும். அவற்றை விலக்கிப் பிடிக்க ஒரு சாரக்கட்டு வேண்டும். நீர் உள்ளே போகவும் வாயுக் குமிழி வெளியேறவும் அதில் துளைகள் வேண்டும்.

அந்தச் சாரக்கட்டாகத்தான் எம்13 வருகிறது. அது ஒரு நூல். நீளம் சுமார் 880 நானோமீட்டர், தடிமன் 6 அல்லது 7 நானோமீட்டர். உள்ளிருக்கும் டிஎன்ஏவின் நீளமே உறையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் கோடிக்கணக்கில் வளர்த்தாலும் அநேகமாக எல்லாம் ஒரே அளவு. இனிதான் எனக்குப் பிடித்த இடம். அந்த நூலின்மேல் ஒரே புரதத்தின் சுமார் 2,700 பிரதிகள் மீன் செதில்போல அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் ஒரு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கான மரபணுவில் சில எழுத்துகளைச் சேர்த்தால் போதும், 2,700 நுனிகளும் ஒருசேர மாறிவிடும்! அமெரிக்காவின் எம்ஐடியில் ஏஞ்சலா பெல்ச்சரின் குழு அங்கே குளூட்டாமிக் அமிலம் என்னும் அமினோ அமிலத்தில் நான்கைச் சேர்த்தது. அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. கரைசலில் இருந்த கோபால்ட் அயனிகள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. 2006இல் வெளியான அந்த ஆய்வின் இலக்கு லித்தியம் மின்கலம். 2010இல் அதே குழு இரிடியம் ஆக்சைடையும் ஒளியை வாங்கும் ஒரு நிறமியையும் இதே நூலில் கோத்து, ஒளியைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தது.

நூல் எப்படி நுரையாகிறது? பாக்டீரியா வளர்ந்த குழம்பைச் சுழற்றிச் செல்களை அகற்றி, தெளிந்த நீரில் உப்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் கலந்தால் வைரஸ் வெண்மையாகத் திரண்டு வரும். அதைக் குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளால் குறுக்கே பிணைத்தால் ஒரு கூழ். கூழின் இழைகள்மேல் நிக்கல் முலாம் பூசினால், உள்ளெல்லாம் இடைவெளியோடு ஓர் உலோக நுரை. வைரஸின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்துத் துளையின் அளவை மாற்றலாம்.

நம் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023இல் ஒப்புதலான தொகை 19,744 கோடி ரூபாய். ஆராய்ச்சிக்கு அதில் 400 கோடி, நூற்றுக்கு இரண்டு. இப்படி ஒதுக்கினால் வினையூக்கியை விலைகொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருப்போம்.

வைரஸும் முழுக்கச் சொன்னபடி கேட்பதில்லை. சேர்த்த அமினோ அமிலங்கள் அதற்கு வீண் சுமை. பெருகும்போது திடீர்மாற்றத்தால் அவற்றைத் தொலைத்த வைரஸ் வேகமாக வளர்ந்து, சில தலைமுறைகளில் குடுவையையே பிடித்துக்கொள்ளக்கூடும். எனவே பெரிய அளவில் வளர்க்க விரும்புகிறவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் டிஎன்ஏவைப் படித்துச் சரிபார்த்தாக வேண்டும்.