82 கிலோ கம்பியின் மறுமுனை

“தனியாகப் போனால் நாலே நாளில் ஜிம் நின்றுவிடுகிறது, துணைக்கு ஆள் இருந்தால் ஓடுகிறது, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

1920களில் பெர்லினில் ஓட்டோ கோஹ்லர் என்ற உளவியலாளர், துடுப்புப் படகுச் சங்கத்து ஆட்களை 41 கிலோ கம்பியைக் கை ஓயும்வரை மடக்கித் தூக்கச் சொன்னார். அடுத்து ஜோடி சேர்த்து 82 கிலோ. அதை ஒற்றை ஆளாகத் தாங்க முடியாது. எளியவர் விட்டால் வலியவரின் ஆட்டமும் அதோடு சரி. அதனாலேயே எளியவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். பலத்தில் இருவரும் சமமென்றால் இது எடுபடவில்லை. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்திலும் எடுபடவில்லை. நடுத்தர இடைவெளியில்தான் வித்தை நடந்தது.

2012இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு இதை ஜிம் சைக்கிளில் பார்த்தது. தனியாக மிதித்த பெண்களின் சராசரி 10.6 நிமிடம். திரையில் தம்மைவிடத் தேறிய ஒரு துணை தெரிந்ததும் 19.8. ‘முதலில் நிறுத்துபவரின் நேரமே ஜோடியின் நேரம்’ என்று விதி போட்டதும் 21.9. அதாவது, பெரும்பகுதி வேலையை ‘அவளால் முடிகிறதே’ என்ற ஒப்பீடே முடித்துவிட்டது; ‘என்னால் கெட்டது’ என்ற பெயர் வருமே என்ற கூச்சம் மிச்சத்தைச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், நேரலையில் மிதிப்பதாகச் சொல்லப்பட்ட அந்தத் துணை வெறும் பதிவு வீடியோ!

கூட்டம் பெருத்தால் கதை தலைகீழ். 1913இல் பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மான் வெளியிட்ட கயிறிழுப்புக் கணக்கில், ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுவிசை குறைந்தது. முப்பது பேர் வாட்ஸ்அப் குரூப்பில் கடைசியில் ‘காலை வணக்கம்’ மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

ஆகவே ஒரே ஆள் போதும். பிளாங்கில் (முன்கையிலும் கால்விரலிலும் உடலை நேராகத் தாங்கும் பயிற்சி) நீங்கள் 40 விநாடி நின்றால் அவர் 55 நிற்பவராக இருக்கட்டும். தினசரி எடையைக் கணக்குக் காட்டாதீர்கள். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும், மனசு விட்டுப்போகும். செய்ததை அவருக்கு எழுதி அனுப்புங்கள்: ‘ஸ்குவாட் 3 செட், செட்டுக்கு 10’. இரவு 9 மணிக்குள் அது வராவிட்டால் அவர் போன் அடிக்க வேண்டும். வெளியே சொன்னால் கண் படும் என்று ஒளித்துச் செய்பவர்களுக்கு இந்த போன் வரவே வராது.

பணம் கட்டிப் பந்தயம் போடலாமா? 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தவர்கள் 16 வாரத்தில் சராசரி 6.4 கிலோ குறைத்தார்கள். பண ஊக்கம் எதுவும் இல்லாதவர்கள் 1.8 கிலோதான். ஏழாவது மாதம் பார்த்தபோது அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவில் இல்லை. 16 வார ஆய்வுக்கு நிதி தருபவர்கள் ஐந்து வருட ஆய்வுக்குத் தர யோசிக்கிறார்கள். ஆனால் தொப்பை திரும்பி வருவது அப்போதுதான்.