பணம் கட்டியது அண்ணன். நாமினியை மாற்றுவது யார்?

“பிரீமியம் முழுக்க நான்தான் சார் கட்டினேன். நாமினி பேரை மட்டும் மாத்திக் குடுங்க.”

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தொழில் பார்க்கிற யாருக்கும் இந்த வேண்டுகோள் புதிதல்ல. தம்பி சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். ஆயுள் காப்பீட்டு பாலிசி அவர் பேரில். மாதாமாதம் பணம் கட்டுவது ஊரில் இருக்கும் அண்ணன். ரசீதுகளைக் கத்தையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வருவார். இந்த விஷயத்தில் அந்தக் கத்தைக்கு மதிப்பே கிடையாது.

ஒருவர் தன் உயிர்மீது எடுத்த பாலிசியில் நாமினி போடுவதும் மாற்றுவதும் நீக்குவதும் அவர் ஒருவர் கையில்தான் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 39-ஆவது பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. பாலிசி முதிர்வதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய நாமினியிடம் சம்மதம் கேட்க வேண்டாம், சொல்லக்கூட வேண்டாம். ஏஜென்ட் ஃபாரம் வாங்கித் தருவார், பூர்த்தி செய்து தருவார். கையெழுத்து மட்டும் பாலிசிதாரருடையதாக இருக்க வேண்டும்.

இதைச் சிலர் ஐசியூ வாசலில் நிற்கும்போதுதான் யோசிக்கிறார்கள். நினைவில்லாமல் கிடப்பவரின் பெருவிரலை மையில் தோய்த்து ஃபாரத்தில் உருட்டினால் அது நாமினி மாற்றம் ஆகாது, குற்றம். பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட மைத்துனரும் சேர்ந்தே மாட்டுவார். உயிர் போன பிறகோ யாராலும் நாமினியை மாற்ற முடியாது. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

நான் அதிகம் பார்க்கும் சிக்கல் கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி. வேலை கிடைத்த புதிதில், வரிக்கழிவுக்காக மார்ச் மாதம் அவசரமாக எடுத்தது. நாமினி அம்மா. அப்புறம் கல்யாணம், குழந்தைகள், வீட்டுக்கடன். பாலிசி மட்டும் அப்படியே கிடக்கும். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் இதில் இன்னொரு விதமாக ஏமாறுகிறார்கள். பி.எஃப். விதிப்படி, கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போய்விடும். புதிதாகக் கொடுக்க வேண்டும். அதைக் கேள்விப்பட்டவர்கள் எல்.ஐ.சி. பாலிசிக்கும் அதே கதைதான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. தாலி கட்டினாலும் சரி, விவாகரத்து ஆனாலும் சரி, பாலிசியில் பதிந்த பெயர் தானாக நகராது.

சரி, நாமினியாக இருக்கும் அம்மாவுக்கே பணம் முழுவதும் சொந்தமா? வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே நாமினி, பணம் வாரிசுகளுக்குரியது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த மகனின் தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. பிறகு 2015-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் யாரை நாமினியாகப் போட்டாலும் பணம் அவர்களுக்கே உரியது என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. திருத்தம் வந்தாலும் வாரிசுகளின் உரிமை போகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. மாமியாரும் மருமகளும் இந்தச் சட்டப் புதிரைத் தங்கள் செலவில் அவிழ்க்க வேண்டுமா? உயிரோடு இருப்பவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒருவரைத்தான் போட வேண்டும் என்பதில்லை. அம்மாவுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தும் போடலாம். நாமினி மைனர் என்றால் அவர் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவரை நியமிக்கலாம்.

பாலிசிதாரரே மாற்ற முடியாத இடமும் ஒன்று உண்டு. 1874-ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் ஒருவர் மனைவி, பிள்ளைகள் பேருக்குப் பாலிசி எடுத்திருந்தால் அது ஒரு டிரஸ்ட். கணவன் மனம் மாறினாலும் அவர்கள் பெயரை எடுக்க முடியாது. கடன்காரர்களும் பொதுவாக அதில் கைவைக்க முடியாது. விசைப்படகுக்கும் முந்திரி வியாபாரத்துக்கும் கடன் வாங்குகிறவர்கள் இதைப் பற்றி ஏஜென்டிடம் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம்.

உயில் மூலமும் நாமினியை மாற்றலாம். ஆனால் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் போகாவிட்டால், பதிவில் உள்ள நாமினிக்கு நம்பிக்கையோடு பணத்தைக் கொடுத்துவிட்ட கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. அதனால் உயில் எழுதினாலும் கிளை அலுவலகத்தில் ஃபாரமும் கொடுத்துவிடுங்கள். மாற்றத்தைப் பதிந்ததற்கு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டியது கம்பெனியின் கடமை. அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். பாலிசிப் பத்திரம் ‘தானே’ புயலோடு போயிற்று என்பவர்கள் முதலில் நகல் பத்திரத்துக்கு மனு கொடுக்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது புதுச்சேரிக்கும் பொருந்தும், பாலிசி இந்தியாவில் எடுத்ததாக இருந்தால். அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் பிரான்ஸில் எடுத்த பாலிசிகளும் இருக்கின்றன. அதற்குச் சட்டம் வேறு. பிரான்ஸில், பணம் பெறப்போகும் பயனாளி ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று முறைப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பின் பாலிசிதாரர் பொதுவாக அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. 2007 டிசம்பருக்கு முன் பயனாளி தானாகவே ஏற்றுக்கொண்டு பாலிசிதாரரின் கையைக் கட்டிவிட முடிந்தது. இப்போது அந்த ஏற்புக்கே பாலிசிதாரரின் ஒப்புதல் வேண்டும். பாரிஸில் இறந்த பெரியப்பா உங்கள் பேரைப் போட்டிருப்பாரோ என்று சந்தேகம் இருந்தால், இறப்புச் சான்றோடு அஜிரா என்கிற அமைப்புக்கு எழுதிக் கேட்கலாம், கட்டணம் கிடையாது. பெயரை மாற்றுவது பற்றி மட்டும் பிரான்ஸில் உள்ள நோத்தேரிடம் (பத்திரங்களை எழுதிப் பதியும் சட்ட அலுவலர்) கேளுங்கள், கடலூர் வக்கீலிடம் வேண்டாம்.