ஸ்ட்ரைக்: பாயை இறக்கியவர்கள் தந்த சொல்

பஸ் ஸ்ட்ரைக், பேங்க் ஸ்ட்ரைக் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இதற்கு நேர்ப்பொருள் கேட்டால் பலரும் 'அடித்தல்' என்பார்கள். முதலாளிக்குத் தொழிலாளி கொடுக்கும் அடி என்று விளக்கமும் தருவார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் வந்த வழி வேறு.

ஆங்கிலக் கப்பல்காரர்கள் பேச்சில் 'ஸ்ட்ரைக்' என்றால் இறக்குதல். பாயை இறக்கினாலும் கொடியை இறக்கினாலும் அதே வினைதான். 1768இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சண்டர்லாந்தில் மாலுமிகள் கூடி, தங்கள் குறைகளை எழுதி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். அப்புறம் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, பாய் கட்டும் குறுக்குமரங்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாமல் கப்பல் எங்கே போகும்? சண்டர்லாந்து அப்போது நிலக்கரி ஏற்றும் ஊர். அந்த வட்டாரத்துக் கரி கடல்வழியே போய்த்தான் லண்டன் அடுப்புகள் எரிந்தன. அதே ஆண்டு மே மாதம் தேம்ஸ் ஆற்றிலும் மாலுமிகள் கப்பல்களைப் புறப்பட விடாமல் தடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் கடலையே பார்க்காத, தொப்பி செய்யும் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை விட்டபோதும் செய்தித்தாள்கள் அதே வினையைப் போட்டன. சொல் கரையேறிவிட்டது.

சட்டம் அதை எளிதில் விடவில்லை. 1799லும் 1800லும் வந்த சட்டங்கள் தொழிலாளர் கூலிக்காகக் கூட்டுச் சேர்வதையே குற்றமாக்கின. 1824இல்தான் அவை நீங்கின.

இந்தச் சொல்லின் முழு எடையும் எனக்குப் புரிவது 1888இல். கிழக்கு லண்டனில் போ என்ற பகுதியில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கே பெண்களும் சிறுமிகளும் வெள்ளைப் பாஸ்பரஸோடு வேலை செய்தார்கள். அதன் நஞ்சு தாடை எலும்பையே அரித்துவிடும். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம் என்று கிடைக்கும் சொற்பக் கூலியிலும் பிடித்தம். அன்னி பெசன்ட் அதைப் பத்திரிகையில் எழுதினார். எழுதியது பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம், பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையிலிருந்து நீக்கியதும், ஜூலை தொடக்கத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அபராதங்கள் ஒழிந்தன. பெசன்ட் தூண்டிவிட்டார் என்று அப்போதே சொன்னார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். எழுதியது அவர், வெளியே வருவது என்று முடிவெடுத்தது அந்தப் பெண்கள்.

அதே பெசன்ட் பின்னாளில் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1907 முதல் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தார். அந்தச் சபையில் அவரோடு பணியாற்றிய பி.பி. வாடியாதான் 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். திரு.வி.க.வும் அதில் உழைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேலைநிறுத்தம் என்றே சொல்லலாம். பழகிய சொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 'நில்' தன்வினை, 'நிறுத்து' பிறவினை. வேலை தானாக நின்றால் அது வேலை நிற்றல். ஒருவர் முடிவெடுத்து நிறுத்தினால்தான் நிறுத்தம். 'இறங்கு', 'இறக்கு' என்பதும் அப்படித்தான். சண்டர்லாந்தில் பாய் தானாக இறங்கவில்லை, இறக்கினார்கள். போவில் வேலை தானாக நிற்கவில்லை, நிறுத்தினார்கள். மூலச்சொல்லை நகல் எடுக்காமலேயே அதன் உயிரைத் தமிழ்ச்சொல் பிடித்திருக்கிறது.

இதனாலேயே முதலாளி ஆலையைப் பூட்டி ஆட்களை வெளியே நிறுத்துவதை வேலைநிறுத்தம் என்று எழுதக்கூடாது. அது கதவடைப்பு. யார் செய்தது என்பதே அங்கே மாறிவிடுகிறது. சாப்பிட மறுத்துப் போராடுவதையும் ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக் என்பார்கள். நமக்கு உண்ணாநோன்பு இருக்கிறது.

எல்லோரும் நிறுத்தியிருக்கும்போது உள்ளே போய் வேலை செய்பவரை ஆங்கிலத்தில் பிளாக்லெக், அதாவது கருங்கால் என்பார்கள். தமிழில் கருங்காலி என்ற மரத்தின் பெயர் முன்பே இருந்தது. அதுவே இப்போது அந்த ஆளையும் குறிக்கிறது.