"செய்தி"யை "செய்த" ஆக்கும் கருவிகள்

"செய்தி"யில் எத்தனை எழுத்து? செ, ய், தி என்று மூன்று. இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில், சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளம் சொல்லும் லெங்த் 6 என்கிறது; உரையைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இன் பைட் கணக்கில் 18. ஒற்றைக்கொம்பு, புள்ளி, இகரக்குறி எல்லாமே, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் தனித்தனிக் குறிகள். அந்த 6-ஐ எழுத்து எண்ணிக்கை என்று நம்பி நிரல் எழுதும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

இதே சொல்லை முதல் 5 குறியோடு ஸ்லைஸ் செய்தால், அதாவது வெட்டினால், "செய்த" என்று வரும். எரர் வராது, திரையில் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டமும் தெரியாது. அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான். தமிழ் தெரியாத டெஸ்டர் இதைப் பிடிக்கவே முடியாது. தலைப்பைச் சுருக்குவது தோற்றத்துக்காக மட்டும் என்றால் சரத்தை வெட்டாமல் பக்க வடிவமைப்பு மொழியான சிஎஸ்எஸ்ஸின் எலிப்சிஸிடம் (முப்புள்ளி வைத்து மறைக்கும் வசதி) விட்டுவிடுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் உரையை முழு எழுத்துகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. குரோமில் 2020 முதலும் ஃபயர்பாக்ஸில் 2024 முதலும் கிடைக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் புதிதாக உருவாக்காமல் ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால் வேகம் குறையாது.

உரையில் வடிவங்களைத் தேடும் ரெகெக்ஸில் சேதம் இன்னும் அதிகம். சொல்லெழுத்தைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் \w-க்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதுவும் தெரியாது. அதை நம்பிய ஸ்லக் நிரல் (தலைப்பிலிருந்து இணைய முகவரி உருவாக்குவது), தமிழ்த் தலைப்பு முழுவதையும் அழித்து வெற்று முகவரி தரும். யூனிகோடின் "எழுத்து" வகையை மட்டும் அனுமதித்துத் திருத்தினாலோ "சயத" என்று மெய்யுருக்கள் மட்டும் மிஞ்சும். உயிர்க்குறிகளும் புள்ளியும் "மார்க்" என்ற வேறு வகையில் இருப்பதே காரணம். இரண்டு வகையையும் சேர்த்து, ரெகெக்ஸில் யூனிகோடு வகைகளைப் புரியவைக்கும் யூ ஃபிளாக்கையும் (u) போட வேண்டும்.

படிவப் பெட்டிகளின் நீள வரம்பான மேக்ஸ்லெங்த்தும் லெங்த்தைப் போலத்தான் எண்ணுகிறது. "சுப்பிரமணியன்" 8 எழுத்து. பெட்டிக்கு அது 13. 10 என்று வரம்பு வைத்தால் தன் பெயரைக்கூட ஒருவரால் முழுதாக எழுத முடியாது.

தேடலில் வரும் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. "கொடி"யின் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் பதிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிக்கலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒப்பிட்டால் வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் "கௌ"வுக்குப் பதில் கெ, ள என்று தட்டியிருந்தால் என்எஃப்சி கைகொடுக்காது; அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

இத்தனையையும் ஒவ்வொரு நிரலரும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருப்பது கருவிகளின் குறை. பயனர் பார்க்கும் உரையில் ஸ்லைஸ் வந்தால், நிரலில் தவறு தேடும் கருவியான லின்டர் எச்சரிக்கலாம். ஃபிரேம்வொர்க்குகளின் (ஆயத்த நிரல் கட்டமைப்புகள்) சுருக்கும் வசதி, முழு எழுத்தாகப் பார்த்து வெட்டுவதையே இயல்பாக வைக்கலாம். மாதிரித் தரவில் லோரம் இப்சம் என்ற லத்தீன் நிரப்பு உரையோடு இந்திய மொழி வரிகளும் வர வேண்டும். அதுவரை உங்கள் டெஸ்டில் "செய்தி", இரு வடிவக் "கொடி", "ஸ்ரீ", "பக்ஷி" நான்கையும் சேர்த்துவிடுங்கள். கடைசி இரண்டும் முக்கியம்: செக்மென்டர்கூட "ஸ்ரீ"யை ஸ், ரீ என்றும் "க்ஷி"யை க், ஷி என்றும் பிரித்துவிடும்.