கவசத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி

1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைக் கவசச் சிப்பாய்களைத் திரையில் பார்த்தால், ஏதோ ஓர் அயல் உலோகத்தில் வார்த்த உடை போலத் தெரியும். உண்மையில் அவர்கள் மேல் இருந்தது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளாஸ்டிக். சூடாக்கிய தகட்டை அச்சின் மேல் விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி எடுத்த துண்டுகளை எலாஸ்டிக், நைலான் நாடா, டிச் பட்டன், டேப் இவற்றால் இணைத்திருந்தார்கள். அந்தப் படத்தின் உடைகளுக்காக ஜான் மோலோ ஆஸ்கர் வாங்கினார். தலைக்கவசத்தின் மூல வடிவம் கையால் செய்தது என்பதால் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருக்காது. இடது முழங்காலில் மட்டும் ஒரு தனித் தகடு இருக்கும். இந்த உடையைத் தாங்களே செய்து மாட்டிக்கொள்ளும் ரசிகர்களில், திரையில் உள்ளபடியே வேண்டும் என்பவர்கள் இந்தக் கோணல்களையும் விடாமல் செய்கிறார்கள்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இந்த ஆசை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். வாளையார் தாண்டிக் கோவைக்குப் போனால் பிளாஸ்டிக் தகடு, எலாஸ்டிக், பட்டன், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் எல்லாம் கிடைத்துவிடும். பொருள் கிடைப்பதில் சிரமம் இல்லை. சிரமம் அப்புறம்தான் தொடங்குகிறது. துண்டுகளை அச்சு அசலாகச் செய்து மாட்டியும் ஒருவர் பெட்டிக்குள் நிற்பதுபோலத் தெரிகிறார், இன்னொருவர் சிப்பாயாகவே தெரிகிறார். இந்த வித்தியாசம் வருவது பிளாஸ்டிக்குக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் என்பது என் முடிவு. அளவெடுப்பது, வெட்டுவது, வளைப்பது, கட்டுவது எல்லாமே அந்த இடைவெளியைச் சரிசெய்யும் வேலைதான்.

முதலில் பிளாஸ்டிக்கைப் பார்ப்போம். கவசத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏபிஎஸ். அக்ரிலோநைட்ரில், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று சேர்ந்தது. ஸ்டைரீன் விறைப்பையும் பளபளப்பையும் தருகிறது, அக்ரிலோநைட்ரில் வேதிப்பொருள்களைத் தாங்க உதவுகிறது, பியூட்டடையீன் ரப்பர் துகள்களாக ஊடே பரவி நின்று அடியை வாங்கிக்கொள்கிறது. பனிக்கட்டி உருகுவதுபோல ஏபிஎஸ் ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகாது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கின்றன. சுமார் 105 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அவை அசையத் தொடங்கி, தகடு இளகுகிறது. அச்சில் இழுக்கும்போது இன்னும் அதிகமாக, 150 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள்.

இழுத்து வடிவம் கொடுத்ததும் தகடு சீக்கிரமே குளிர்ந்துவிடுகிறது. நீண்டுபோன சங்கிலிகள் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துவிடுகின்றன. அதாவது ஒவ்வொரு கவசத் துண்டுக்குள்ளும் ‘நான் தட்டையான தகடு’ என்ற நினைவு மிச்சம் இருக்கிறது. ஹீட் கன்னை ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் காட்டினால் அந்த நினைவு விழித்துக்கொள்ளும். கூரான விளிம்பு மழுங்கும், வரிப்பள்ளம் நிரவிப்போகும், மேற்பரப்பில் அலை எழும். ஒருமுறை போன நுணுக்கத்தை அச்சு இல்லாமல் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதற்கு நல்ல மாற்று வெந்நீர். ஒரு பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்து, முன்கைத் துண்டையோ தொடைத் துண்டையோ முக்கி எடுத்து, கையுறை போட்ட கையால் மெதுவாக வளைத்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் பிடிக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஏபிஎஸ் இளகும் எல்லையோ அதற்குச் சற்று மேலே. அந்தச் சில டிகிரி வித்தியாசம்தான் நமக்குப் பாதுகாப்பு. அதற்குக் கீழே இருக்கும்போதும் விசை கொடுத்தால் சங்கிலிகள் மெல்ல நழுவி இடம் மாறும். அதனால் துண்டு வளைகிறது, ஆனால் நுணுக்கம் அழிவதில்லை. மூணாறில் இதே வேலையைச் செய்தால் வித்தியாசம் தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே அதிக நேரம் முக்கி, அதிக நேரம் பிடிக்க வேண்டியிருக்கும். சூடே காட்டாமல் வளைத்து ஒட்டினால் அது வில்போல விறைத்துக்கொண்டே இருக்கும், ஒட்டு விட்டதும் பழையபடி விரிந்துவிடும்.

அடுத்தது சுற்றளவு. தொடைத் துண்டு தளர்வாக இருக்கிறது, சுற்றிலும் 1 சென்டிமீட்டர் குறைத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வெட்ட வேண்டும்? பலர் 1 அல்லது 2 சென்டிமீட்டர் என்றுதான் நினைப்பார்கள். ஆரம் 1 சென்டிமீட்டர் குறைய, சுற்றளவு 6.3 சென்டிமீட்டர் குறைய வேண்டும். தொடை சரியான வட்டம் இல்லை என்றாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். திருப்பிப் பார்த்தால், தெரியாமல் 3 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டாலும் இடைவெளி அரை சென்டிமீட்டர்தான் குறையும். பயந்து பயந்து வெட்ட வேண்டியதில்லை, ஆனால் முன் மூட்டிலும் பின் மூட்டிலும் சமமாக வெட்ட வேண்டும். ஒரே பக்கம் வெட்டினால் நடுவில் ஓடும் மேடு பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். படத்தில் தொடைத் துண்டின் இரண்டு பாதிகளையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, மேலே 15 முதல் 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை ஒட்டி மூடியிருந்தார்கள். வெட்டும் முன்பு மாஸ்கிங் டேப்பால் கட்டி, மாட்டி, நடந்து பார்த்துவிடுவது நல்லது.

விளிம்புகளில் உள்பக்கமாக மடிந்திருக்கும் சிறு பட்டைதான் உடம்பில் உராய்ந்து தோலைக் கிள்ளும். அதனால் எல்லாரும் முதலில் அதை நறுக்கித் தள்ளப் பார்ப்பார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் தகடு 1 மில்லிமீட்டர் தகட்டைவிட எட்டு மடங்கு விறைப்பானது. அச்சில் இழுபட்டு ஒரு மூலையில் தடிமன் பாதியானால் அங்கே விறைப்பு எட்டில் ஒரு பங்குதான். இந்த இழப்பை ஈடுகட்டுவது மடிப்பு. சித்தூர் வட்டாரத்தில் வரப்புக்கு வரப்பு நிற்கும் பனைகளின் ஓலையைப் பாருங்கள். மெல்லிய ஓலை அத்தனை அகலமாகக் காற்றில் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதன் மடிப்புகள்தான். கவசத்தின் விளிம்பு மடிப்பும் அதே வேலையைச் செய்கிறது. அதோடு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கவசம் தடிமனான பொருள் என்ற தோற்றத்தைத் தருவதும் அதுதான். எனவே மணிக்கட்டு, அக்குள், முழங்காலின் பின்புறம் போன்ற இடங்களில் மட்டும் குறைத்து, மார்பிலும் தொடையின் முன்புறத்திலும் விட்டுவைப்பதே சரி.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு தையல்கார அண்ணனிடம் நாடாக்களைத் தைக்கக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “இதப் போட்டுட்டு உக்காரோணுமா கண்ணு, நின்னாப் போதுமா?” இதைவிடச் சரியான கேள்வி இந்த வேலையில் இல்லை. உடம்பு நிற்கும்போது ஒரு வடிவம், அசையும்போது வேறு வடிவம். முழங்காலை மடக்கினால் முன்பக்கத் தோல் நீள்கிறது, பின்பக்கம் சுருங்கிச் சதை பிதுங்குகிறது. தொடைத் துண்டின் கீழ் விளிம்பும் கெண்டைக்கால் துண்டின் மேல் விளிம்பும் அங்கே மோதும். பின்புறத்தை ஒரு வளைவாக வெட்டிவிட்டால், முன்னால் திரையில் உள்ள அளவு மாறாமலே படி ஏற முடியும். முழங்கைக்கும் இதே கணக்கு. உட்கார்ந்தால் தொடை அகலும், வயிற்றுத் துண்டின் கீழ் நுனி மேலே தள்ளும். ஆகவே அளவெடுக்கும் நாளிலேயே நின்று, நடந்து, குனிந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொங்கவிடுவதிலும் ஒரு சின்ன இயற்பியல் உண்டு. தொடைத் துண்டு மேலே அகலம், கீழே குறுகல். நடக்க நடக்க அது இறங்கி முழங்காலில் போய் உட்காரும். இடுப்பு வாரிலிருந்து ஒரே ஒரு நாடாவில் தொங்கவிட்டால் அந்த நாடாவே அச்சாணியாகி, துண்டு உள்பக்கம் சுழலும். இரண்டு இடத்தில் கட்டினால் சுழல இடமில்லை. எடை தாங்கும் இடத்தில் நீளாத நைலான் நாடா, உடம்பு விரிந்து சுருங்கும் விலாப்பக்கத்தில் எலாஸ்டிக் என்று பிரித்துக்கொள்வது நல்லது. எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர் இழை வியர்வையிலும் சூட்டிலும் தளர்ந்துபோகும். அதைத் தையலால் நிரந்தரமாக்காமல் டிச் பட்டனில் மாட்டினால், தளரும்போது மாற்றிவிடலாம்.

விரிசல் எப்போதும் கூரான உள்மூலையில்தான் தொடங்கும், ஏனென்றால் இழுவிசை முழுவதும் அங்கே வந்து குவிகிறது. வெட்டும்போதே மூலைகளை உருட்டிவிட வேண்டும். விரிசல் வந்துவிட்டால் அதன் நுனியில் ஒரு சிறு துளை போட்டால் விசை பரவி, விரிசல் அங்கேயே நிற்கும். வெட்டி எறிந்த ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும். அதை உள்பக்கம் தடவினால் இரண்டு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னி, அசிட்டோன் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, ஹீட் கன் இவற்றிலிருந்து தள்ளி வைத்துச் செய்ய வேண்டும், அசிட்டோன் எளிதில் தீப்பற்றும்.

இப்போது சிறு துண்டுகளை முப்பரிமாணப் பிரிண்டரில் எடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிண்டரில் சாதாரணமாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். கோடை மதியத்தில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூடு வந்துவிடும். ஏபிஎஸ் அதைத் தாங்கும், பிஎல்ஏ தொய்ந்துவிடும். ஏபிஎஸ்ஸுக்கும் ஒரு பகை உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பியூட்டடையீன் பகுதியைத் தாக்க, வெள்ளை மெல்ல மஞ்சளாகும். துணியில் சுற்றி, மேலே கனம் வைக்காமல், இருட்டில் வைப்பதே வழி.

இனி மாட்டிக்கொள்பவரின் உடம்புக்கு வருவோம். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறான். கவசத்தோடு நடந்தால் அது 300 வாட்டைத் தொடலாம். தோலின் வெப்பநிலை 35 டிகிரி வாக்கில். வெளிக்காற்று அதைவிடச் சூடாக இருந்தால் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடுதான் ஏற்றும். மிஞ்சுவது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். 300 வாட்டை ஒரு மணி நேரம் வெளியேற்ற அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆவியாக வேண்டும். சொட்டி விழுந்த வியர்வை இந்தக் கணக்கில் சேராது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்காலத்தில் கிழக்கேயிருந்து வீசும் வறண்ட காற்று வியர்வையை நன்றாக உலர்த்தும். ஆனால் அது கவசத்துக்குள் போனால்தானே! உடம்போடு இறுக ஒட்டிய துண்டுக்குள் காற்று சில நிமிடங்களில் ஈரத்தால் நிறைந்து, ஆவியாதல் நின்றுவிடும். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் துண்டு அசைந்து உள்காற்றை வெளியே தள்ளி, புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். வயிற்றின் கீழும் கழுத்தருகிலும் வழி திறந்திருக்க வேண்டும். நடக்க இடம் கொடுக்கும் இடைவெளியே மூச்சுவிடவும் இடம் கொடுக்கிறது. அளவை நெருக்கிப் பிடித்தால் திரையில் உள்ளதுபோல வரும் என்று இன்னும் இறுக்க நினைப்பவர்களை நான் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

தலைக்கவசத்தின் கண்ணாடியில் ஆவி படிவது வெயிலில்தான் அதிகம் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். நம் மூச்சுக்காற்று 34 டிகிரி வாக்கில் ஈரம் நிறைந்து வெளிவருகிறது. வெளியே 38 டிகிரியில் கண்ணாடியும் சூடாகவே இருப்பதால் ஈரம் அதில் படியாது. ஏசி போட்ட அரங்குக்குள் நுழைந்து சற்று நேரத்தில் கண்ணாடி 24 டிகிரிக்குக் குளிர்ந்ததும் உள்பக்கம் முழுக்க மங்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி தடவி மெல்லத் துடைத்துவிட்டால், நீர் துளித்துளியாக நிற்காமல் படலமாகப் பரவி, பார்வை தெளிவாக இருக்கும். உள்ளே 5 வோல்ட் சிறு ஃபேன் ஒன்றைப் பவர் பேங்கில் இணைத்து, வெளிக்காற்று கண்ணாடியின் உள்பக்கம் வழியாக வாய்ப்பக்கம் இறங்கும்படி வைத்தால் மூச்சின் ஈரம் கண்ணுக்கு ஏறாது.

கடைசியாக, கழற்றும் முறையையும் மாட்டும் முறையோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். தலைக்கவசம், மார்பு, முதுகு இந்த மூன்றும் பக்கத்தில் நிற்கும் ஒருவர் ஒரு நிமிடத்துக்குள் எடுக்கும்படி டிச் பட்டனிலோ கிளிப்பிலோ இருக்கட்டும், பசையில் வேண்டாம். எந்தப் பட்டன் முதலில் என்று அந்தத் துணையாளுக்கு முன்கூட்டியே காட்டி வையுங்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால், படம் எடுக்க எத்தனை பேர் காத்திருந்தாலும் முதலில் தலைக்கவசத்தை எடுத்து, நிழலில் உட்காரவைத்து, மார்பையும் முதுகையும் கழற்றி, தண்ணீர் கொடுத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டும் சரியாகப் பதில் வராவிட்டாலோ, குடிக்க எதுவும் கொடுக்காமல், உடம்பை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.