முழங்காலில் ஒப்பரேஷன், வயிற்றில் ஏன் ஊசி?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு முழங்கால் மாத்தினது. ஒப்பரேஷன் காலுல, ஆனா ஒவ்வொரு நாளும் வயித்துல ஊசி போடுறாங்க. ஏன்?”

வயிற்றுத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் குருதியில் சேரும் என்பதற்காகத்தான் அந்த இடம். மருந்தின் வேலை, கால் நாளங்களில் இரத்தம் கட்டாமல் பார்ப்பது. எலும்பை வெட்டி மூட்டைப் பொருத்தும்போது உறைதலைத் தூண்டும் பொருட்கள் குருதியில் கலக்கின்றன. படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் தசை குருதியை மேலே தள்ளுவதும் குறைகிறது. அங்கே உண்டாகும் கட்டியில் ஒரு துண்டு கழன்று, இதயம் வழியாகப் போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஊசியில் பெரும்பாலும் இருப்பது எனொக்சபாரின், குருதியை உறையவிடாத ஹெப்பாரின் என்ற பொருளைச் சிறு துண்டுகளாக்கி எடுத்தது. அது தனியே எதையும் தடுப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம். வேலை செய்வது நம் குருதியிலேயே ஓடும் அன்டித்ரொம்பின் என்ற புரதம். அது ஓர் எலிப்பொறி. அதிலிருந்து ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் இரை. உறைதலை நடத்தும் நொதியங்களில் முக்கியமானது பத்தாம் காரணி. புரதத்தை வெட்டுவதே அதன் தொழில். வளையத்தையும் வெட்டுகிறது. வெட்டிய கணமே வளையம் அன்டித்ரொம்பினின் உடலுக்குள் விசையாகச் செருகிக்கொள்கிறது; வைத்த வாயை எடுக்குமுன் பத்தாம் காரணியையும் இழுத்துக்கொண்டுபோய் மறுபக்கத்தில் அறைகிறது. அங்கே அதன் வடிவம் குலைந்துவிடும், இனி எதையும் வெட்டமுடியாது. சாதாரணமாக இந்தப் பொறி மந்தமானது. ஹெப்பாரினில் ஐந்து சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு பகுதி வந்து ஒட்டியதும் வளையம் வாகாகத் திரும்பி, வேகம் பல நூறு மடங்கு கூடுகிறது. பொறி விழுந்ததும் ஹெப்பாரின் கழன்று அடுத்த அன்டித்ரொம்பினிடம் போய்விடும்.

1916இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் தேடியது குருதியை உறையவைக்கும் பொருளை. நாயின் ஈரலிலிருந்து கிடைத்ததோ உறையவிடாத பொருள்; ஹெப்பாரினின் கதை அங்கேதான் தொடங்குகிறது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்குக் காசை மறிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எனொக்சபாரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து பெறப்படுவது. காத்தான்குடி, சம்மாந்துறை முஸ்லிம் வாசகர்கள் பலருக்கு இது முக்கியமான சங்கதி. ரிவரொக்சபான் என்ற மாத்திரையின் மருந்து வேதியியல் முறையில் செய்யப்படுவது. பொறியின் துணையில்லாமல் பத்தாம் காரணியை நேரடியாகவே அடைக்கும். எது பொருந்தும் என்று டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி மருந்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம்தான்.

“ஒப்பரேஷன் செஞ்ச கால அசைக்கப்படா” என்று பார்க்க வருகிற சொந்தக்காரர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிசியோ எழுப்பினால் அம்மா எழும்பி நடக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்கு இரத்தம் கட்டலாம். எழுதித் தந்த மருந்தை இடையில் நிறுத்த வேண்டாம். கெண்டைக்கால் புதிதாக வீங்கி நொந்தால் எண்ணெய் போட்டு உருவக் கூடாது, அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ விடியட்டும் என்று பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.